மருமகன் தோற்க வேண்டிய சனிக்கிழமை

சோணைமுத்துவுக்குக் காதுதான் சோறு போடுகிறது. வெம்பக்கோட்டைக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் சேம்பிள் வெடித்துப் பார்க்கிற வேலை அவருக்கு. லோடு ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு லாட்டுச் சரக்கிலும் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போவார். திரியைப் பற்ற வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார். வெடிப்பதைப் பார்க்கவே மாட்டார், கேட்பதோடு சரி. "நல்ல சரக்கு, ஏத்து" என்பார். இல்லையென்றால் "நமுத்துக் கெடக்கு, திரும்பக் காயப் போடு" என்பார். அவர் சொன்ன பிறகு முதலாளியே மறுபேச்சுப் பேசுவதில்லை.

அந்த மனிதர் போன கார்த்திகையில், தனக்கு மருமகனாக வரப்போகிறவன் விளையாடுகிற கபடி அணி தோற்றுப்போக வேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டு திரிந்தார். கெட்ட மனசு என்று நினைத்துவிட வேண்டாம். வினையை அவரே விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார்.

மகள் மாரிச்செல்வி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் காலண்டர் டிசைன் போடுகிறாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை செந்தூர்பாண்டி, மல்லாங்கிணறு. அப்பா ஊர்க்காவலனுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம். பையன் மண்ணில் இறங்காமல் கபடி ஆடுகிற ரப்பர் மேட்டில் இறங்கிவிட்டான். எட்டு ஊர் அணிகள் மோதுகிற கபடி லீக்கில் நம்ம பக்கத்து அணியான வைப்பாறு அணிக்குச் சம்பளத்துக்கு விளையாடுகிறான். டி.வி.யில் எல்லாம் வருவான்.

தீபாவளிக்கு முன்னால் நாள் குறிக்க ஊர்க்காவலன் வந்தார். பட்டாசுக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாள் கிடைப்பது லேசு இல்லை. தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துக் கிடக்கிற அந்த ஒரு மாசம்தான் சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் இருக்கும். அதை விட்டால் மார்கழி வந்துவிடும், நல்ல காரியம் கிடையாது. தையில் வைத்தால் கம்பெனி திறந்து புது ஆர்டர் ஓடும், ஒரு பயலுக்கும் லீவு கிடைக்காது. அந்த மாசத்துக்குள் ரெண்டு பேர் ஜாதகத்துக்கும் ஒத்து வந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஊர்க்காவலன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, அந்தச் சனிக்கிழமதான் கோயமுத்தூர்ல செமி பைனலு. ஞாயித்துக்கிழம பைனலு. மொத நாலு எடம் வார அணிக்குத்தான் அது. ஒருவேள பயக வந்துட்டாகன்னா அங்கன கேம்புல அடைச்சுருவாக. வெளிய வந்தா ஆட்டத்துல சேக்க மாட்டாக. அதான் யோசனையா இருக்கு."

சோணைமுத்து சிரித்தார். அதுவரை நடந்த மூன்று ஆட்டத்தையும் அவர் பார்த்திருந்தார். வைப்பாறு அணி மூன்றிலும் மண்ணைக் கவ்வியிருந்தது.

"சம்பந்தி, நான் மூணு எடுத்து வெடிச்சுப் பாத்துட்டேன். மூணும் புஸ்ஸுன்னு போச்சு. மாப்பிள்ளையக் குத்தம் சொல்லல. லாட்டு அப்பிடி. இது நாலாவது எடத்துக்குள்ள வராது. நீங்க தைரியமா நாள வைங்க."

கூடத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த செந்தூர்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "மாமா சொல்றது சரிதான்" என்றான். வேறு என்ன சொல்வான். பெண் பார்த்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லை நாங்கள் ஜெயிப்போம் என்று சண்டையா போட முடியும்.

நாள் வைத்தாகிவிட்டது. தீபாவளி வந்து போகிறவரைக்கும் சோணைமுத்துவின் கணக்குத்தான் ஜெயித்தது. ஒன்று ஜெயித்தால் ரெண்டு தோற்றார்கள். பத்து ஆட்டம் முடிந்தபோது வைப்பாறு அணி கடைசிக்கு முந்தின இடத்தில் சொகமாக இருந்தது. கம்பெனி அடைத்துவிட்டார்கள். பத்திரிகை அடித்து, வெற்றிலை பாக்கு வைத்து ஊர் ஊராக அழைப்புச் சொல்லப் போனார்கள். பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பயல்கள் விளையாட ஆரம்பித்தார்கள்.

முதலில் சேலத்தை அடித்தார்கள். மறுநாள் காலையில் டீக்கடையில் முனியராஜ் காத்திருந்தான். முனியராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவன், சோணைமுத்துவுக்கு மச்சினன் முறை. வண்டி நிற்கிற மாசத்தில் அவனுக்கு வாய் ஓடும்.

"மச்சான், மருமகன் அணி கெளம்பிருச்சு போலயே."

"ஒண்ணு ஜெயிச்சா ஆச்சா?"

"இல்ல, ஒரு கணக்குப் போட்டு வச்சுருக்கேன் கேளுங்க. நேத்து மேட்சுக்கு முந்தி ஏழு காரியம் நடக்க வேண்டியிருந்துச்சு. நாம நாலு மேட்சும் ஜெயிக்கணும். சேலம் ரெண்டு மேட்ச் தோக்கணும். தஞ்சாவூரு ஒண்ணு தோக்கணும். ஏழும் நடந்தா நாலாவது எடம் நமக்கு."

"ஏழு காரியம் நடந்து முடியங்குள்ள என் பேரனுக்குக் காது குத்திருவேன். டீயக் குடி."

"அவசரப்படாதீக. நேத்து சேலத்த அடிச்சமுல்ல, அதுலயே ரெண்டு காரியம் முடிஞ்சு போச்சு. நாம ஜெயிச்சது ஒண்ணு, சேலம் தோத்தது ஒண்ணு. அடுத்த மேட்சு தஞ்சாவூரு. அதையும் அடிச்சா அதுல ரெண்டு. ஏழுன்னு சொல்றதுதான். உள்ள பாத்தா அஞ்சுதான்."

சோணைமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். தனித்தனியாக எண்ணினால் ஏழு வருகிறது, ஆனால் ரெண்டு ரெண்டு ஒரே திரியில் கோர்த்துக் கிடக்கிறது. இது அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, அஞ்சே இருக்கட்டும். ஒரு காசச் சுண்டி அஞ்சு தடவையும் தலையே விழணும்கிறே. விழுமாலே?"

"விழாதுன்னு சொல்ல முடியாதுல்ல."

வீட்டுக்கு வந்து மாரிச்செல்வியிடம் கேட்டார். நேராகக் கேட்கவில்லை. உன் போனில் ஏதோ கணக்கு வருமாமே என்று சுற்றி வளைத்தார். அவள் எடுத்துக் காட்டினாள். அந்த லீக் ஆட்களே போடுகிற கணக்கு. வைப்பாறு அணி முதல் நாலுக்குள் வருவதற்கு சேலம் மேட்சுக்கு முன்னால் நூற்றுக்கு மூன்று, இப்போது நூற்றுக்கு ஏழு.

"நூத்துக்கு ஏழுதானா" என்று சோணைமுத்து மூச்சு விட்டார்.

"என்னப்பா தானா? நூத்துல மூணு வெடிக்கலேன்னாலே லாட்டத் திருப்பி அனுப்புற ஆளு நீங்க. கம்பெனில மூணுன்னா பெருசு, இங்கன ஏழுன்னா ஒண்ணும் இல்லயா?"

மனைவி வேலுத்தாய் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவும் மகளும் என்னத்தக் கணக்குப் பாக்கீக?"

"ஒன் மருமகன் ஜெயிச்சிருவான் போல" என்றார் சோணைமுத்து.

"ஜெயிக்கட்டும். அதுக்கு ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக?"

கேட்டாளே ஒழிய, அவர் சொல்லாமலே வீட்டில் எல்லாருக்கும் காரணம் தெரியும். குறித்த நாளில் தாலி ஏறவில்லை என்றால் கபடியால் நின்றது என்று எவனும் பேச மாட்டான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நின்று போனது என்றுதான் பேசுவார்கள். மாப்பிள்ளை வராத மேடையில் மகள் நிற்பது அவருக்குத் தூக்கத்தில் எல்லாம் வர ஆரம்பித்தது.

தஞ்சாவூரையும் அடித்தார்கள். அன்றைக்கு அவர் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தார். இடது ஓரத்தில் சாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் நின்றான். பாடி வந்தவன் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான், உடும்பு மாதிரி. இவனை முன்னால் பார்த்ததே இல்லையே என்று கேட்டார். தோள்பட்டை நழுவி லீக்கின் முதல் பாதி முழுக்க வெளியே இருந்தானாம், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறானாம். அவர் பார்த்த மூன்று ஆட்டமும் இவன் இல்லாத ஆட்டம். போதாததற்கு அந்த மூன்றும் மதுரை, கோவை, திண்டுக்கல். முதல் மூன்று இடத்தில் இருக்கிற அணிகள்.

அப்போதுதான் சோணைமுத்துவுக்கு உறைத்தது. சேம்பிள் எடுக்கிறவன் பெட்டியில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுக்க வேண்டும். அவரே புதுசாக வருகிறவனுக்குத் திட்டித் திட்டிச் சொல்வது. மகள் கல்யாணத்துக்கு மட்டும் மேலாப்பில் மூன்றை எடுத்து வெடித்துவிட்டு, லாட்டே சரியில்லை என்று சீட்டுக் கொடுத்துவிட்டார். நமுத்த சரக்கு வெயிலில் போட்டால் காயும் என்பதும் அவருக்குத் தெரியாததா.

காசைச் சுண்டுகிற கணக்கும் உடைந்து போனது. காசுக்கு நேற்று என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. ஆளுக்கு இருக்கும். நெல்லை அணிக்கு எதிராகச் செந்தூர்பாண்டி பாடிப் போன விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முன்னால் கோட்டை ஒட்டியே நின்று பயந்து பயந்து திரும்புவான். இப்போது உள்ளே போய்க் கைகாட்டிக் கூப்பிட்டான். சரவெடியில் முதல் வெடிதான் பற்றச் சுணங்கும். பற்றிவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும், தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. அன்றைக்கும் ஜெயித்தார்கள்.

இப்போது போன் நூற்றுக்கு முப்பது என்றது.

சோணைமுத்து கோயிலுக்குப் போனார். பூசாரி தட்டை நீட்டி, "மருமகன் ஜெயிக்கணும்னு வேண்டிக்கிடுங்க, நம்ம ஊருக்கே பெருமை" என்றார். சோணைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தாயே, அவன் நல்லா விளையாடட்டும், நல்ல பேர் எடுக்கட்டும், ஆனால் தோற்கட்டும் என்று கேட்டார். கேட்டுவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. அவசரமாக, அடி எதுவும் படாமல் தோற்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசி லீக் ஆட்டத்தில் சென்னையையும் அடித்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே காரியம். அதே சாயங்காலம் அடுத்த ஆட்டத்தில் சேலம் மதுரையிடம் தோற்க வேண்டும். சேலம் ஜெயித்தால் வைப்பாறு வெளியே.

அந்த ஆட்டத்தை டீக்கடை டி.வி.யில் ஊரே நின்று பார்த்தது. எல்லாரும் மதுரைக்குக் கத்தினார்கள். சோணைமுத்து ஒரு ஆள்தான் சேலத்துக்கு. வாயைத் திறக்க முடியாது. சேலத்துக்காரன் ஒருவன் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் கை தன்னால் தொடையைத் தட்டிவிட்டது. முனியராஜ் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மச்சான், சேலத்துல யாருக்கும் பொண்ணு கொடுத்துருக்கீகளா?"

"கொசுலே."

மதுரை ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தது. அடுத்த நிமிஷம் தெரு முழுக்கச் சரம் வெடித்தது. பட்டாசு ஊரில் சரத்துக்கா பஞ்சம். எல்லாம் அவர் சேம்பிள் பார்த்து, நல்ல சரக்கு என்று சொல்லி அனுப்பிய லாட்டு. ஒன்றுகூட நமுக்கவில்லை. அவர் அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊர்க்காவலன் ஓடி வந்தார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார்.

"சம்பந்தி, பயகளக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. சனிக்கிழம ராத்திரி தோத்தாத்தான் விடுவாக. மதுரையோட மேட்சு. என்ன செய்ய?"

"மதுரைதான மொத எடத்துல இருக்கு?"

"ஆமா."

"அப்ப மதுரைக்குத்தான வாய்ப்பு அதிகம்?"

ஊர்க்காவலன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவரும் மெதுவாக, "அதிகம்தான்னு பேசிக்கிடுதாக" என்றார். பெற்ற மகன் தோற்கட்டும் என்று அந்த மனிதர் எப்படி வாய் விட்டுச் சொல்வார்.

வேலுத்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, ஜெயிச்சுட்டா அந்த மேனேஜர்ட்ட கேட்டு ஒரு மணி நேரம் விடச் சொல்லக் கூடாதா? தாலியக் கட்டிட்டுத் திரும்பிரட்டும்."

"கோயமுத்தூரு என்ன சாத்தூரா தங்கச்சி, ஒரு மணி நேரத்துல வந்துட்டுப் போறதுக்கு? நானும் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணுமாம்."

மாரிச்செல்வி உள்ளே இருந்து வந்தாள்.

"அப்பா, ஜெயிச்சா ஜெயிக்கட்டும். கல்யாணத்த அடுத்த நாளு கோயில்ல வச்சு முடிச்சுக்கிடலாம்."

"அடுத்த நாளு கரிநாளு தாயி."

"அதுக்கு அடுத்த நாளு."

"மண்டபத்துல ஆளு வந்து உக்காந்திருக்கும். அவுகளுக்கு என்ன சொல்ல? மாப்பிள்ள பைனல் வெளையாடுறாரு, நீங்க பந்தியில உக்காருங்கன்னா?"

"ஆமா, சொல்லுங்க. சாப்பிட்டுட்டு டி.வி. பாக்கட்டும்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். சிரித்துவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அந்த வேகம் சோணைமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. வெளியே தூறல். வழக்கமாகப் பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு என்று மேளம் கொட்டுகிற நேரம். மாப்பிள்ளை இல்லாததால் மேளக்காரர்கள் மேளத்தைச் சாய்த்து வைத்துவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முனியராஜ் எங்கேயோ போய் ஒரு பெரிய திரையும் மிஷினும் கொண்டுவந்து மணமேடையிலேயே கட்டிவிட்டான். மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை படமாக ஓடிக்கொண்டிருந்தான்.

சோணைமுத்துவால் அங்கே உட்கார முடியவில்லை. பின்னால் சமையல் கூடத்துக்குப் போய்க் காய் நறுக்குகிற பெண்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். மண்டபத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காது மட்டும் அங்கே.

கத்தல் வந்தது. சின்னக் கத்தல், ஒரு பாயிண்டு. பிறகு ஒரு "ச்சே". பிடிபட்டான். பிறகு பெரிய கத்தல், பாத்திரம் எல்லாம் அதிர்ந்தது. மதுரை மொத்தமும் வெளியே போயிருக்கும். சமையல் பார்க்கிற தவசுப்பிள்ளை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஜெயிச்சா நாளைக்கு உலை வைக்கவா வேண்டாமா? இப்பமே சொல்லிருங்க."

"வைங்க. எப்பிடின்னாலும் வயிறு இருக்குல்ல எல்லாருக்கும்."

ரெண்டாவது பாதி. கத்தல் குறைந்தது. "ச்சே" கூடியது. பிறகு ரெண்டும் மாறி மாறி வந்தது. கொஞ்ச நேரத்தில் ரெண்டும் நின்று போனது. ஆயிரம் லாட்டு வெடித்துக் கேட்ட காதுக்கு அந்த அமைதி தெரியும். திரி பற்றிவிட்டது, இன்னும் வெடிக்கவில்லை. எழுந்து போய் மண்டபத்து வாசலில் நின்றார்.

கடைசி ரைடு. வைப்பாறு ஒரு பாயிண்டு கம்மி. செந்தூர்பாண்டி பாடிப் போகிறான். ஒருத்தனைத் தொட்டுத் திரும்பினால் சமம், ரெண்டு பேரைத் தொட்டால் பைனல். உள்ளே போனான். இடமும் வலமும் ஆடினான். காலை நீட்டி ஒருத்தனைத் தொட்டதும், அவனே கணுக்காலைப் பிடித்துவிட்டான். அவன் மேல் இன்னொருவன் விழுந்தான். செந்தூர்பாண்டி அப்படியே கவிழ்ந்து கையை நீட்டினான். கோடு ஒரு சாண் தூரத்தில். கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த ரெண்டு பேரும் வெளியே.

"தொடு" என்று சோணைமுத்து சொன்னார். சத்தமாகவே சொன்னார். "எட்டித் தொடுலே, தொட்ரு."

தொடவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

மண்டபத்தில் ஒரு கிழவர் துண்டால் மூக்கைச் சிந்தினார். சோணைமுத்துவுக்கு முதலில் நெஞ்சில் ஒரு அடி விழுந்தது, ஐயோ ஒரு சாண் என்று. அதன் பிறகு, எங்கேயோ அடியிலிருந்து, ஒரு மாசமாக அடைத்துக் கிடந்த மூச்சு வெளியே வந்தது. அவ்வளவு மூச்சு உள்ளே இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். தூணில் சாய்ந்துகொண்டார். எதிரே பெண்கள் வரிசையில் மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள். இந்தத் தடவை வேகமாக உள்ளே ஓடவில்லை.

போன் வந்தது. செந்தூர்பாண்டிதான்.

"மாமா, தோத்துட்டோம்."

"பாத்தேன் மாப்ள. நல்லாத்தான் வெளையாண்டீக."

"கெளம்பிட்டேன். விடிய முன்னே வந்துருவேன். மாமா, டீமு மொத்தமும் கூட வாராக. ரூம்ல இருந்து அழுதுக்கிட்டு இருக்குறதுக்குக் கல்யாணத்துக்கு வாரோம்னு வண்டில ஏறிட்டாக."

"வரச் சொல்லு. எல்லாத்தையும் வரச் சொல்லு."

தவசுப்பிள்ளையிடம் போய்ச் சொன்னார். "கபடிக்காரக பூரா வாராக. அரிசியக் கூடப் போடுங்க." தவசுப்பிள்ளை அந்த ஆட்களைத் திரையில் பார்த்திருந்தார். உடனே இன்னொரு அண்டாவை எடுத்துக் கழுவச் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சோணைமுத்து கை அலம்பப் போனார். அங்கேதான் முனியராஜ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"மாப்பிள்ள நெனச்சிருந்தா அந்த ஒரு சாணத் தொட்டிருப்பாரு. பொண்ணு ஞாபகம் வந்திருக்கும், கைய மடக்கிட்டாரு. வேற என்ன."

விளையாட்டாகத்தான் சொன்னான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சோணைமுத்துவுக்கு வந்த மூச்சு பாதியில் நின்றுவிட்டது. கல்யாணத்துக்காக அவன் விட்டுக்கொடுத்திருந்தால்? இத்தனை பேர் உழைத்து ஏறி வந்ததை, என் மகள் மேல் பேச்சு வந்துவிடக் கூடாது என்று கையை மடக்கியிருந்தால்? அந்தப் பாரத்தை அவன் ஆயுசுக்கும் சுமப்பான். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அது மாரிச்செல்வி மேல்தான் இறங்கும். நாள் வைத்தது யார்? இவர். சாமியிடம் கேட்டது யார்? அதுவும் இவர்.

விடியற்காலையில் வண்டி வந்தது. மேளம் கொட்டியது. பனைமரம் பனைமரமாகப் பயல்கள் இறங்கினார்கள், கண்ணெல்லாம் சிவந்து போய். மாப்பிள்ளையை அறைக்குள் கொண்டுபோய் வேஷ்டி கட்டிவிட்டார்கள். சோணைமுத்து உள்ளே போய், மாப்பிள்ளைத் தோழனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இதைச் சுற்றி வளைத்துக் கேட்கவும் முடியாது.

"மாப்ள, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிடக் கூடாது. கடைசில வேணும்னு விட்டீகளா?"

செந்தூர்பாண்டிக்கு முகம் மாறியது. வந்த கோபத்தை விழுங்குவது தெரிந்தது.

"வேற யாரும் கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன் மாமா."

"அறைஞ்சாலும் சரி. எனக்குத் தெரியணும்."

அவன் வலது கையை நீட்டினான். நடுவிரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துக் காட்டினான். நகம் பாதி பெயர்ந்து ரத்தம் கட்டிப் போயிருந்தது.

"மேட்டைப் பிறாண்டி இழுத்தேன். ரெண்டு மாடு மேல படுத்த மாதிரி. நகந்தான் வந்துச்சு, நான் நகரல. அந்த நேரத்துல ஒங்க மகளும் ஞாபகம் இல்ல, கல்யாணமும் ஞாபகம் இல்ல. கோடு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. இதச் சொன்னா அவ கோவிச்சுக்கிடுவா, சொல்லிறாதீக."

சோணைமுத்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர்ந்த நகத்தைப் பார்த்து ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா. வந்தது. ராத்திரி வந்த நிம்மதியெல்லாம் அரை நிம்மதிதான், இப்போதுதான் முழுசாக இறங்கியது. அவன் வேண்டுமென்று தோற்கவில்லை, தோற்கடிக்கப்பட்டான். அது போதும்.

"வலிக்குதா?"

"வலிக்குது. முடிச்சுப் போட இந்த விரலுதான் வேணும். அதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"மொத முடிச்ச மட்டும் நீ போடு. மிச்சம் ரெண்டையும் ஒன் அக்காதான போடப் போறா." மரியாதை மறந்து நீ என்று வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. "நானும் ஒண்ணு சொல்லிருதேன். நீ தோக்கணும்னு நான் சாமி கும்பிட்டேன்."

"தெரியும் மாமா. எங்கப்பாவும்தான் கும்பிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து எங்களக் கவுத்துட்டீக."

கெட்டி மேளம் கொட்டியபோது முதல் முடிச்சு விழக் கொஞ்சம் நேரமானது. மாரிச்செல்வி குனிந்த தலையோடு காத்திருந்தாள். அந்தப் பயல்கள் வரிசையாக நின்று அரிசியை அள்ளி வீசினார்கள். கபடிக்காரன் கை, அரிசி பின்வரிசை வரைக்கும் போய் விழுந்தது.

பந்தியில் சோணைமுத்து அவர்களுக்குத் தானே பரிமாறினார். அந்த சாத்தூர்ப் பக்கத்துப் பையன் மூன்றாவது தடவை சோறு வாங்கினான். வாங்கிக்கொண்டே, "அடுத்த வருசம் கப்பு நமக்குத்தான் பெரியப்பா, எழுதி வச்சுக்கோங்க" என்றான்.

"வாய்ப்பு எம்புட்டு?" என்றார் சோணைமுத்து.

"எட்டு அணில ஒண்ணுதான் ஜெயிக்கும். எட்டுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்களேன்."

"அது ரொம்ப அதிகம்" என்றார் சோணைமுத்து, சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு. "செமி பைனல் என்னைக்குன்னு தேதி தெரிஞ்ச ஒடனே மொதல்ல எனக்குச் சொல்லுங்க. வளைகாப்புக்கு நாள் பாக்கணும்."